பெயர்களை நீக்கச் சொன்ன விழாக் குழுவினருக்கு

மதிப்பிற்குரிய முத்தமிழ் விழாக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு விழாவின் சொல்லிசைப் போட்டிக்கு, அதாவது ராப் போட்டிக்கு, நடுவராக இருக்கும்படி நீங்கள் என்னைக் கேட்டதும், நான் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டதும், பிறகு சென்ற வாரம் அந்தப் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்வதாக இரண்டே வரியில் எழுதி அனுப்பியதும் உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டு வரியில் எழுதியது மரியாதைக் குறைவு என்று உங்களில் ஒருவர் தொலைபேசியில் வருத்தப்பட்டார். அவர் வருத்தம் நியாயமானது. ஆகவே இப்போது விரிவாக எழுதுகிறேன். குழுவுக்கு மட்டும் எழுதினால் கடிதம் ஏதோ ஒரு கோப்பில் போய்ப் படுத்துக்கொள்ளும் என்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். கல்லூரியின் பெயரையோ உங்கள் பெயர்களையோ மாணவர்களின் பெயர்களையோ இதில் குறிப்பிடப் போவதில்லை. பெயர்களுக்காக வாதாடும் கடிதத்தில் பெயர்களைக் காணோமே என்று உங்களுக்குச் சிரிப்பு வரலாம். உயிரோடிருப்பவர்களின் வேலையும் படிப்பும் அவர்கள் பெயர்களில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. இறந்தவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

நடந்ததை முதலில் பதிவு செய்துவிடுகிறேன். மூன்றாமாண்டு மாணவி ஒருவரும் இரண்டாமாண்டு மாணவர் ஒருவரும் சேர்ந்து ஏழு நிமிடச் சொல்லிசை ஒன்றை உருவாக்கி, அதன் எழுத்துப்படியை உங்களிடம் கொடுத்தார்கள். மோதல் நடக்கும் நிலங்களில் ராப் எப்படி எதிர்ப்பின் குரலாயிற்று என்பது அதன் பொருள். காஷ்மீரில் தொடங்கி, பாலஸ்தீனம் வழியாகப் போய், கடைசியில் நம் கீழ்வெண்மணிக்கு வந்து சேர்கிறது. நீங்கள் படியைத் திருப்பிக் கொடுத்தபோது அதன் ஓரத்தில் பச்சை மையில், "ஊர்ப் பெயர், ஆட்பெயர் நீக்கப்பட்டால் அனுமதிக்கலாம்" என்று எழுதியிருந்தது. முதல் வரியில் இருந்த 'ஸ்ரீநகர்' அடிக்கப்பட்டு, மேலே 'எங்கோ ஒரு நாட்டில்' என்று திருத்தப்பட்டிருந்தது. ஸ்ரீநகரை வேறொரு நாட்டில் கொண்டுபோய் வைப்பது பிள்ளைகள் எழுதிய எதையும்விடப் பெரிய அரசியல் என்பதைத் திருத்தியவர் கவனிக்கவில்லை போலும்.

அந்தப் பிள்ளைகள் பயிற்சி எடுத்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருக் களத்தில், அறுவடை இல்லாத நாட்களில் ஆடுகள் படுத்திருக்கும் அந்தச் சிமெண்டுத் தரையில், கவிழ்த்து வைத்த நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்மில் பையன் தாளம் போட, பெண் நின்றுகொண்டு பாடினாள். தொடக்கத்தில் அவன் எழுதியிருந்த வரிகளில் நான்கு சேர்ந்தாற்போல் 'கிறது' என்று முடிந்தன. வினைமுற்றின் வாலைப் பிடித்து இயைபு கட்டுவது நம் மொழியில் யாருக்கும் வரும், அதற்கு உழைப்பே வேண்டாம், மோனையையும் எதுகையையும் வரிக்கு நடுவே ஓடவிட்டுப் பார் என்று சொன்னேன். இரண்டு நாளில் மாற்றிக்கொண்டு வந்தான். சிக்கல் பெயர்களில் வந்தது. இறந்தவர்களின் பெயர்களைத் தாளத்துக்குள் அடக்கப் பார்த்தார்கள். சில பெயர்கள் நீண்டன, சில குறைந்தன, ஒரு பெயரின் பின்பாதியை விழுங்கினால்தான் தாளம் நிற்கும் போலிருந்தது. அந்தப் பெண் ஒப்புக்கொள்ளவில்லை. "செத்தவங்க பேரை வெட்டக் கூடாது சார்" என்று அவள் சொன்னது என்னிடம் இல்லை, டிரம் வாசித்தவனிடம்; அவனைக் கேலியாகச் 'சார்' என்றுதான் கூப்பிடுவாள். கடைசியில் தாளத்தையே நிறுத்திவிட்டார்கள். பெயர்கள் வரும் இடத்தில் டிரம் ஓய்ந்துவிடும், அவள் குரல் மட்டும், பாட்டாக இல்லாமல், வருகைப் பதிவு எடுப்பதுபோல் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு போகும். வெண்மணிப் பெயர்கள் 44-ஐயும் சொல்லி முடிக்க ஒரு நிமிடம் நாற்பது வினாடி ஆகிறது. என் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். ஆடு மேய்த்துவிட்டு வந்த கிழவர் ஒருவர் அந்த நேரத்தில் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். நீங்கள் நீக்கச் சொன்னது இந்த இடத்தைத்தான்.

இந்த உத்தியை அவர்களாகக் கற்பனை செய்துகொள்ளவில்லை. 2010-ஆம் ஆண்டுக் கோடையில் காஷ்மீரில் நடந்ததைப் படித்து எடுத்துக்கொண்டார்கள். அந்த ஏப்ரலில் மாச்சில் பகுதியில் கிராமத்தவர் மூவர் கொல்லப்பட்டு, தீவிரவாதிகள் என்று கணக்குக் காட்டப்பட்டார்கள். அது போலி மோதல் என்று தெரிய வந்தபோது எதிர்ப்பு கிளம்பியது. ஜூன் மாதம் ஸ்ரீநகரில் 17 வயது மாணவன் ஒருவன் கண்ணீர்ப்புகைக் குண்டு தலையில் பட்டு இறந்தபின் பள்ளத்தாக்கு முழுவதும் தெருவுக்கு வந்தது. கல்லெறிதலும் துப்பாக்கிச் சூடும் ஊரடங்கும் மாறி மாறி வந்தன, குறுஞ்செய்திச் சேவை நிறுத்தப்பட்டது, கோடை முடிவதற்குள் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அவர்களில் பலர் பதின்ம வயதினர். அப்போது 20 வயதான ரோஷன் இலாஹி என்ற இளைஞர், எம்.சி. காஷ் என்ற பெயரில், 'ஐ புரொட்டெஸ்ட்' என்ற ராப் பாடலை வெளியிட்டார். பள்ளத்தாக்குக்கு வெளியே இருப்பவர்களுக்கும் விளங்கட்டும் என்று ஆங்கிலத்தில் பாடினார். பாடலின் முடிவில் அந்தக் கோடையில் இறந்தவர்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னார். அதன் பிறகு அவர் பதிவு செய்த ஒலிக்கூடத்தைப் போலீசார் சோதனையிட்டனர்.

எண்ணிக்கைக்கும் பெயருக்கும் உள்ள வேறுபாட்டை இந்தப் பாடல் கண்டுகொண்டது என்று நான் கருதுகிறேன். மோதல் நடக்கும் இடத்திலிருந்து வெளியே வரும் செய்தி எப்போதும் எண்ணிக்கையாக வருகிறது. இன்று இருவர் பலி, நேற்றோடு சேர்த்து எழுபது என்று படிக்கும்போது, எழுபத்தொன்றாவது ஆள் யாராக இருந்தாலும் வாசகனுக்கு ஒன்றுதான். எண்ணிக்கையை அரசு கூட்டலாம், குறைக்கலாம், 'விசாரணையில் உள்ளது' என்று நிறுத்தி வைக்கலாம். பெயரை அப்படிச் செய்ய இயலாது. ஒரு பெயர் சொல்லப்பட்டவுடன் அதற்கு ஒரு தெரு, ஒரு வீடு, ஒரு தாய் இருப்பது தெரிந்துவிடுகிறது. அது பொய் என்றால் அந்தத் தெருவுக்குப் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பத்திரிகை வராத ஊரடங்கு நாளில் கைபேசிக்குக் கைபேசி மாறி வந்த பாட்டு, இறப்புப் பதிவேட்டின் வேலையைச் செய்தது. ராப் இதற்கு ஏற்ற வடிவம். ஏனென்றால் அதில் இராகத்தின் பொறுப்பு குறைவு, சொல்லின் பொறுப்பு அதிகம். ஏழு நிமிடத்துக்குள் ஒரு ராப் பாடகர் சொல்லும் சொற்களை ஒரு மெல்லிசைப் பாடகர் அந்த நேரத்துக்குள் சொல்லி முடிக்க முடியாது.

இதை நான் கல்லூரியில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் அத்தை ஒருவர் எங்கள் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் ஒப்பாரிக்கு அழைக்கப்படுபவர். பகலில் நடவு, களையெடுப்பு. சாவு விழுந்தால் ஒப்பாரி. ஒரு தாளடிப் பருவத்தில் நாற்றங்காலில் இறங்கிய ஒருவரைப் பாம்பு கடித்துவிட்டது. பண்ணை வீட்டில் கார் நின்றுகொண்டிருந்தது, கேட்டும் கிடைக்கவில்லை. கட்டை வண்டியில் கொண்டுபோவதற்குள் வாய்க்கால் மதகடியிலேயே உயிர் போய்விட்டது. மறுநாள் பண்ணைக்காரரும் மாலையோடு துக்கத்துக்கு வந்தார். என் அத்தை இறந்தவரின் தலைமாட்டில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு, அவர் பெயரைச் சொல்லி, அவர் நட்ட வயல்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, அந்த வயல்களின் நெல் எந்தக் களத்துக்குப் போயிற்று என்று சொல்லி, கடைசியில், நிழலில் நின்ற வண்டிக்குச் சக்கரம் இல்லையோ, அதை ஓட்ட மனமில்லையோ என்று இழுத்து முடித்தார். பந்தலில் ஒருவரும் அசையவில்லை. மற்ற நாளில் அந்த முற்றத்தில் செருப்போடு நடக்க முடியாத ஒரு பெண், சாவு நாளில் மட்டும், பாட்டில் மட்டும், அந்தக் கேள்வியைக் கேட்க முடிந்தது. பண்ணைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு போனார். அடுத்த பருவம் என் அத்தைக்கு அந்தப் பண்ணையில் நடவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாட்டுக்கு விலை உண்டு.

அந்த ஒப்பாரியில் பெயர்களை எடுத்துவிட்டு, 'எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒருவர்' என்று என் அத்தையைப் பாடச் சொல்லியிருந்தால் அது எதுவாக இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

வெண்மணிக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் தயக்கத்தின் வேர் ஸ்ரீநகரில் இல்லை, இங்கேதான் இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "அம்மா, உங்களுக்குத் தெரியாததா, ரெண்டு தெருப் பிள்ளைகளும் படிக்கிற இடம்" என்று தொலைபேசியில் சொன்னீர்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலியாக அரைப்படி நெல் கூட்டிக் கேட்டும், சங்கக் கொடியை இறக்க மறுத்தும் நின்ற விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில், ஒரு குடிசைக்குள் ஒளிந்துகொண்ட 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற மிராசுதார்கள் பிறகு உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். நீதிமன்றத்தின் ஏட்டில் அந்த வழக்கு முடிந்த பிறகு, நினைவிடத்துக் கல்லும், ஆண்டுதோறும் டிசம்பர் 25 அன்று அங்கே கூடுகிறவர்களின் வாயும்தான் அந்த 44 பெயர்களையும் வைத்திருக்கின்றன. நான் அவற்றில் ஒன்றையும் இங்கே எழுதவில்லை. ஒன்றிரண்டை எடுத்துச் சொன்னால் மற்றவை உதிர்ந்துவிடும். சொல்வதென்றால் அந்தப் பெண் சொல்வதுபோல் முழுவதும் சொல்ல வேண்டும்.

இரண்டு தெருப் பிள்ளைகளும் படிக்கிற இடம் என்பதுதான் அந்தப் பெயர்கள் அங்கே சொல்லப்பட வேண்டியதற்குக் காரணம். அந்த டிரம் வாசிக்கும் பையன் எந்தத் தெரு, பாடுகிற பெண் எந்தத் தெரு என்று விசாரித்தீர்களா? விசாரித்திருந்தால் கவலைப்பட்டிருக்க மாட்டீர்கள்.

ராப் நம் மண்ணின் கலை அன்று, முத்தமிழ் விழாவில் அதற்கு இடம் கொடுத்ததே பெரிது என்று ஒரு வாதம் வைக்கப்பட்டதாக அறிந்தேன். அது பிறந்த இடம் நியூயார்க் நகரத்தின் பிராங்க்ஸ் என்பதிலும், 1973 ஆகஸ்டில் அங்கே ஒரு குடியிருப்பில் டி.ஜே. கூல் ஹெர்க் நடத்திய கொண்டாட்டத்தைப் பிறப்பு நாளாகச் சொல்கிறார்கள் என்பதிலும் எனக்கு மறுப்பில்லை. அருணகிரிநாதர்தான் உலகின் முதல் ராப்பர் என்று மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கும் கூட்டத்தில் நான் இல்லை. திருப்புகழின் சந்தம் வேறு காரியத்துக்குப் பிறந்தது, அதை அதன் இடத்தில் விட்டுவிடலாம். ஆனால் தமிழில் ராப் எந்த வழியாக வந்தது என்று பாருங்கள். தமிழ் ராப்பை இங்கே பரவலாகக் கேட்க வைத்தவர்களில் முதன்மையானவர்கள், 2006-இல் 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்ட மலேசியாவின் யோகி பி-யும் நட்சத்ரா குழுவினரும். அந்த நாட்டுத் தமிழர்களில் எத்தனை பேருடைய பாட்டன் பாட்டிகள் இந்தப் பழைய தஞ்சை மாவட்டத்து வயல்களை விட்டு, நாகப்பட்டினத்தில் ரஜூலா போன்ற கப்பல்களில் ஏறி, பினாங்கில் இறங்கியவர்கள் என்பதை நாகையில் பிறந்த உங்கள் உறுப்பினருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போனவர்களின் பேரப்பிள்ளைகளிடமிருந்து திரும்பி வந்த பாட்டை வந்தேறி என்று நிறுத்தி வைக்கிறோம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலிகளாகப் போய், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் பேரில் திருப்பி அனுப்பப்பட்ட குடும்பத்தில் வந்த ராப் பாடகர் அறிவு, தன் பாட்டியின் வாழ்க்கையையும் ஒப்பாரியையும் ராப்புக்குள் கொண்டுவந்தபோது உலகம் கேட்டது. ஈழத்துப் பின்னணி கொண்ட மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில், 2009 தொடக்கத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் உட்கார்ந்து வன்னியில் தன் மக்களுக்கு நடப்பதைப் பேசினார். அந்த ஆண்டில் கோடியக்கரையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்த நம்மால் அந்த அளவுக்குக்கூடப் பேச முடியவில்லை.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இஸ்ரேலின் லோத் நகரத்தில் பாலஸ்தீனியக் குடும்பங்களில் பிறந்த மூவர் தொடங்கிய குழுவின் பெயர் டாம். அந்தச் சொல்லுக்கு எபிரேயத்தில் இரத்தம் என்று பொருள், அரபியில் நிலைத்திருப்பது என்ற பொருள் வரும். 2001-இல் அவர்கள் வெளியிட்ட பாடல், யார் பயங்கரவாதி என்ற கேள்வியையே தலைப்பாகக் கொண்டது. தங்களை ஆள்பவர்களின் மொழியான எபிரேயத்திலும் அவர்கள் பாடியிருக்கிறார்கள். துனீசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரத்து இளைஞர் ஹமாதா பென் அமோர், 2010 நவம்பரில் நாட்டின் அதிபரை நேரே விளித்து ஒரு ராப் பாடலை வெளியிட்டார். அதுவும் ஒரு திறந்த மடல்தான், தாளம் போட்டது. ஜனவரி தொடக்கத்தில் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், சில நாளில் விட்டார்கள், 2011 ஜனவரி 14 அன்று அதிபர் நாட்டை விட்டு ஓடினார். பாட்டு அதிபரைத் துரத்திவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு முந்தைய டிசம்பரில் தன்மேல் தீ வைத்துக்கொண்ட தெரு வியாபாரியும் வேலையில்லாத லட்சக்கணக்கான இளைஞர்களும் சேர்ந்து செய்தது அது. அவர்கள் தெருவில் நின்றபோது பாடுவதற்குக் கையில் ஒரு பாட்டு இருந்தது, அவ்வளவே. ஈரானில் தூமாஜ் சாலேஹிக்கு 2024 ஏப்ரலில் மரண தண்டனையே விதித்தார்கள். ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது, டிசம்பரில் வெளியே வந்தார்.

பர்மாவைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். என் தாத்தாவின் தம்பி ரங்கூன் போய்த் திரும்பாதவர். எங்கள் வீட்டில் ரங்கூன் என்ற சொல் தேக்குப் பெட்டியின் வாசனையோடு சேர்ந்தது. அந்த நகரத்தில் பியோ சேயா தோ என்பவரும் நண்பர்களும் ஆசிட் என்ற குழுவாகச் சேர்ந்து 2000-இல் அந்நாட்டின் முதல் ஹிப்ஹாப் தொகுப்பை வெளியிட்டார்கள். தணிக்கை அதிகாரியின் கத்தரிக்குத் தப்ப வேண்டும் என்பதால் சொல்ல வந்ததை மறைத்துச் சொல்லும் வரிகள். 2007-இல் துறவிகள் தெருவில் இறங்கிய பிறகு அவர் இளைஞர் இயக்கம் ஒன்றைத் தொடங்கி, 2008-இல் சிறைக்குப் போய், 2011-இல் வெளிவந்து, 2012 இடைத்தேர்தலில் நாடாளுமன்ற உறுப்பினரானார். 2021-இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் மீண்டும் கைதாகி, 2022 ஜூலையில் தூக்கிலிடப்பட்டார். தணிக்கைக்குப் படியை அனுப்பிப் பழகிய நாட்டில் அது எதில் போய் முடிந்தது என்பதற்காக இதைச் சொன்னேன். நம் கல்லூரி பர்மா ஆகிவிட்டது என்று நான் மிகைப்படுத்தவில்லை. பச்சை மையும் கத்தரியும் ஒரே கடையில் விற்கிற பொருள்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

ராப் என்றாலே போராட்டம் என்று நான் நம்புவதாகவும் நினைத்துவிட வேண்டாம். என்னிடம் சென்ற ஆண்டுகளில் மதிப்பெண்ணுக்கு வந்த சொல்லிசைகளில் பாதி, தன் காரையும் தன் தைரியத்தையும் பாடியவை. சிலவற்றில் பெண்களைப் பற்றி வந்த வரிகளுக்கு நான் சுழியம் போட்டிருக்கிறேன். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிகளும் கூலிக்கு ராப் எழுதி வாங்குகின்றன. காஷ்மீரிலேயே அரசின் திட்டங்களைப் புகழும் ராப் பாடல்களும் பின்னாளில் வந்தன. ஆகவே வடிவத்துக்காக நான் வாதாடவில்லை. ஒரு சாதியையோ மதத்தையோ இழித்து, உயிரோடிருக்கும் ஒருவரை அடிக்கச் சொல்லி ஒரு வரி இருந்திருந்தால் நானே சிவப்பு மையில் அடித்திருப்பேன். இந்தப் படியில் அப்படி ஒன்றும் இல்லை. கொன்றவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. இறந்தவர்களின் பெயர்கள் மட்டுமே இருக்கின்றன. அதைத்தான் நீங்கள் ஆபத்தாகக் கண்டிருக்கிறீர்கள்.

எழுத்துப்படியை முன்கூட்டியே கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும் என்ற விதியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த விதிக்கு ஒரு பாட்டன் உண்டு. 1876-இல் வெள்ளைக்காரர்கள் நாடகங்களை அடக்கக் கொண்டுவந்த சட்டம் அது. விடுதலைக்குப் பிறகு, 1954-இல் நம் மாநிலமே தனியாக ஒரு நாடகச் சட்டம் போட்டது, எம்.ஆர். ராதாவுக்காகவே போட்ட சட்டம் என்று அந்தக் காலத்தவர்கள் சொல்வார்கள். மேடையேறும் முன் படியை அதிகாரியிடம் காட்ட வேண்டும் என்ற அந்தச் சட்டத்தை, நாடகக்காரரும் பத்திரிகையாளருமான ஞாநி தொடுத்த வழக்கில், 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று தீர்த்துவிட்டது. அரசாங்கத்துக்கே இல்லாமல் போன அதிகாரத்தை ஒரு கலைவிழாக் குழு எடுத்து வைத்துக்கொண்டிருப்பது எனக்கு விளங்கவில்லை. போலீஸ் வந்து கேட்டால் என்ன சொல்வது என்றீர்கள். 2025 மார்ச் 28 அன்று, ஒரு கவிதைக்காக நாடாளுமன்ற உறுப்பினர் இம்ரான் பிரதாப்கடி மீது குஜராத்தில் போடப்பட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் நீக்கியதை எடுத்துக் காட்டலாம். சொற்களின் விளைவை எடைபோட வேண்டியது திடமான நெஞ்சுள்ளவர்களை அளவாக வைத்து. எதைக் கேட்டாலும் நடுங்குகிறவர்களை அளவாக வைத்து எடைபோடக் கூடாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

உங்கள் அச்சம் வெறும் கற்பனை என்று சொல்லும் அளவுக்கு நான் அறியாதவள் அல்ல. 2015 அக்டோபரில் மதுக்கடைகளுக்கு எதிராகப் பாடிய கோவனைத் திருச்சியில் அவர் வீட்டில் வைத்தே தேசத்துரோகப் பிரிவில் கைது செய்தார்கள். 2017-இல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் உடைந்தபோது போராடியவர்கள் சிறைக்குப் போனார்கள். ஆனால் அதே போராட்டங்களின் தொடர்ச்சியாகத்தான் 2020-இல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் வந்த நாளில் பட்டாசு வெடித்தவர்களில் உங்கள் கல்லூரி நிர்வாகத்தாரும் இருந்தார்கள், நான் பார்த்தேன். இன்னும் பின்னால் போனால், 1930 ஏப்ரல் 13 அன்று இராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்பெடுக்க நடந்தபோது, அவர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன் அறிவித்திருந்தார். நம் ஊர்க்காரர்கள் உணவுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். நாமக்கல் கவிஞர் அந்த நடைக்கென்று எழுதிக் கொடுத்த பாட்டு இந்தச் சாலைகளில்தான் பாடப்பட்டது. அதை இன்று நீங்கள் விழாவின் முதல் நிகழ்ச்சியாக, ஒப்புதல் கேட்காமல், வைத்திருக்கிறீர்கள். அன்றைக்கு அதுவும் ஆட்சேபகரமான பாட்டுத்தான்.

நான் கேட்பது ஒன்றே. அந்த ஓரக்குறிப்பைத் திரும்பப் பெற்று, பிள்ளைகளை அவர்கள் எழுதியபடியே மேடையேற விடுங்கள். பரிசு தர வேண்டாம். போட்டிக்கு வெளியே ஒரு நிகழ்ச்சியாகக்கூட வைத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் நடுவர் நாற்காலிக்கு நான் திரும்பி வருகிறேன், அவர்கள் நிகழ்ச்சிக்கு மதிப்பெண் போடாமல் எழுந்து நின்று கேட்டுக்கொள்கிறேன்.

செய்ய இயலாது என்றால், வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எங்கள் தெருக் களத்தில் அவர்கள் முழுவதையும் பாடுகிறார்கள். குழுவினர் அனைவருக்கும் சேர்த்து நாற்காலி வாடகைக்குச் சொல்லியிருக்கிறேன். மழை பிடித்துக்கொண்டால் சங்கக் கட்டடத்துத் திண்ணைக்கு மாற்றிக்கொள்வோம். கடைசிப் பேருந்து எட்டே முக்காலுக்கு மதகடியில் நிற்கும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
திருத்துறைப்பூண்டி வட்டம்.